மேடு பள்ளத்தில் பாயும் வீட்டு வண்டி

குழாயை வளைத்து வாலிபர்களே கட்டும் பந்தயக் கார்: கட்டுவது எப்படி? காப்பாற்றுவது எப்படி?

பார்த்தால் கார் போலவே இராது. கதவு கிடையாது. கண்ணாடி கிடையாது. இரும்புக் குழாய்களால் ஆன ஒரு கூண்டு. அதற்குள் ஒரே ஓர் ஆசனம். ஆசனத்துக்குப் பின்னால் ஒரு சின்ன என்ஜின். நான்கு முரட்டுச் சக்கரங்கள். அவ்வளவுதான்!

ஆனால், பெரிய கார்கள் திணறி நிற்கும் இடத்தில் இது ஓடும். மணலில் ஓடும். சேற்றில் ஓடும். கல்லும் கட்டியுமான கரட்டில் ஏறி இறங்கும். மேட்டிலிருந்து தாவிக் குதித்து, விழுந்த இடத்திலிருந்தே மறுபடியும் பாயும்.

இந்த வண்டியைக் கடையில் விலைக்கு வாங்கிப் போட்டியில் விட முடியாது. போட்டியிடுகிறவர்களே கட்ட வேண்டும். கொட்டகை போட்டு, ரம்பமும் அரமும் பிடித்து, மாதக்கணக்கில் உழைத்துக் கட்டுகிறார்கள். கட்டுகிறவர்கள் கல்லூரி மாணவர்கள். வயது இருபதை ஒட்டி இருக்கும்.

தாம்பரம், குரோம்பேட்டை, வண்டலூர், கட்டாங்குளத்தூர் பக்கங்களில் என்ஜினீயரிங் கல்லூரிகள் நிறைய உண்டு. அங்கே படிக்கும் பிள்ளை ஒருநாள் வீட்டுக்கு வந்து, "அப்பா, நாங்கள் பாஹா வண்டி கட்டப் போகிறோம்" என்று சொன்னால், பெற்றோர் மனத்தில் இரண்டு கேள்விகள் எழும். "அது என்ன வண்டி?" என்பது ஒன்று. "உயிருக்கு ஆபத்து இல்லையே?" என்பது மற்றொன்று.

இரண்டுக்கும் விடை உண்டு.

பாலைவனம் தந்த பெயர்

மெக்சிகோ நாட்டின் மேற்கு ஓரத்தில், வால் போல நீண்டு தொங்கும் ஒரு நிலம் இருக்கிறது. அதன் பெயர் பாஹா கலிபோர்னியா. "பாஹா" என்றால் ஸ்பானிய மொழியில் "கீழ்" என்று பொருள். கல்லும் மணலும் கள்ளியும் நிறைந்த பூமி.

1967இல் அங்கே ஒரு பெரிய பந்தயம் நடந்தது. வடக்கே டிஹுவானா நகரிலிருந்து தெற்கே லா பாஸ் நகர் வரை ஓட்டம். "மெக்சிகன் ஆயிரம்" என்று அதற்குப் பெயர். ரோடு என்று சொல்லத்தக்க ரோடு பாதி வழியில் கிடையாது.

வென்றது எந்தக் கம்பெனியின் விலை உயர்ந்த கார் தெரியுமா? எந்தக் கம்பெனியின் காரும் அல்ல! "மேயர்ஸ் மாங்ஸ்" என்ற குட்டி வண்டிதான் வென்றது. 27 மணி 38 நிமிஷத்தில் போய்ச் சேர்ந்தது.

அந்த வண்டியை உருவாக்கியவர் புரூஸ் மேயர்ஸ் என்ற அமெரிக்கர். படகு கட்டுவது அவர் தொழில். 1964இல், கலிபோர்னியாவில் உள்ள தம் வீட்டுக் கொட்டகையில் அந்த வண்டியைக் கட்டினார். பழைய வோக்ஸ்வாகன் காரின் என்ஜினையும் கியரையும் எடுத்துக்கொண்டார். படகுக்குப் பயன்படும் கண்ணாடி இழையால் மேல் உடம்பு செய்தார். பளு குறைந்தது. மணலில் புதையாமல் ஓடியது.

வீட்டுக் கொட்டகையில் பிறந்த வண்டி பாலைவனப் பந்தயத்தை வென்ற செய்தி உலகெங்கும் பரவியது. கரட்டுப் பந்தயத்துக்கே "பாஹா" என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

எல்லோருக்கும் ஒரே என்ஜின்

1976இல், அமெரிக்காவில் தென் கரோலினா சர்வகலாசாலையில், மாணவர்களுக்கென்று ஒரு சிறிய பாஹா போட்டி தொடங்கியது. இந்தியாவுக்கு அது 2007இல் வந்தது. மோட்டார் என்ஜினீயர்களின் சங்கமான எஸ்.ஏ.இ. இந்தியா அதை நடத்தியது. மத்தியப் பிரதேசத்தில், இந்தூர் அருகே உள்ள பீதம்பூரில் முதல் போட்டி நடந்தது. அன்று முதல் நாடெங்கும் இருந்து கல்லூரி அணிகள் வண்டியுடன் வருகின்றன. கட்டாங்குளத்தூர் எஸ்.ஆர்.எம். மாணவர்களும் களத்தில் இறங்கியிருக்கிறார்கள். பெண்கள் மட்டுமே சேர்ந்த அணிகளும் வண்டி கட்டி ஓட்டியிருக்கின்றன.

போட்டியில் ஒரு நல்ல விதி உண்டு. எல்லா அணிக்கும் ஒரே வகை என்ஜின். பல ஆண்டுகள் கொடுத்து வந்தது 305 சி.சி. அளவுள்ள 10 குதிரைச் சக்தி என்ஜின். ஏறக்குறைய ஒரு 125 சி.சி. மோட்டார் சைக்கிளின் சக்திதான் அது. என்ஜினைப் பிரித்து உள்ளே கை வைக்கக் கூடாது. 2015 முதல் மின்சார வண்டிகளுக்கும் தனிப் போட்டி உண்டு.

ஏன் இந்த விதி? பணக்கார அணி பெரிய என்ஜின் வாங்கி ஜெயித்துவிடக் கூடாது அல்லவா? சக்தி எல்லோருக்கும் சமம். ஆகவே, யார் பளுவைக் குறைத்தார்கள், யார் நன்றாக இணைத்தார்கள், யார் ஒழுங்காகப் பராமரித்தார்கள் என்பதில்தான் வெற்றி இருக்கிறது. பை பேசாது, கை பேசும்!

கோயமுத்தூர் கரிவரதனும் இதே வழியில்தான் போனார். மாருதி 800 காரின் என்ஜினை வைத்து ஒற்றை ஆசனப் பந்தயக் கார்களை அவர் கட்டினார். "பார்முலா மாருதி" என்று அவற்றுக்குப் பெயர். குறைந்த செலவில் இளைஞர்கள் பந்தயத்துக்கு வர அது வழி திறந்தது. 1995இல் விமான விபத்தில் அவர் காலமானார். கோயமுத்தூர் அருகே செட்டிப்பாளையத்தில் உள்ள பந்தயத் தளம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

தாம்பரத்துக்கு மோட்டார் புதிதல்ல

தென் சென்னைப் புறநகருக்கும் மோட்டாருக்கும் உள்ள உறவு இன்று நேற்று ஏற்பட்டதல்ல.

1949இல் குரோம்பேட்டையில் எம்.ஐ.டி. கல்லூரி தோன்றியது. அதை நிறுவியவர் சி.ராஜம். தம் பெரிய வீட்டையே விற்று, அந்தப் பணத்தைக் கல்லூரிக்குக் கொடுத்தவர் அவர். விமானம், மோட்டார் ஆகிய துறைகளை அந்தக் கல்லூரி தொடக்கம் முதலே கற்றுக் கொடுத்தது. அப்துல் கலாம் விமானத் துறையில் படித்தது அங்கேதான்.

பெருங்களத்தூரை ஒட்டி ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை இருந்தது. 1961 முதல் "ஹெரால்டு" கார் அங்கே தயாராயிற்று. 948 சி.சி. என்ஜின். முன் மூடியை அப்படியே முன்பக்கம் சாய்த்தால், என்ஜின் முழுவதும் கண்ணுக்குத் தெரியும். அடிச்சட்டம் தனி, மேல் உடம்பு தனி. பழுது பார்க்கக் கற்றுக்கொள்கிறவர்களுக்கு அது ஒரு பாடப் புத்தகம் போல இருந்தது. சென்னைக்கு வடக்கே, யுத்த காலத்து விமானத் தளமான சோழவரத்தில் நடந்த பந்தயங்களில் ஹெரால்டுகளும் ஓடின.

1988இல் அந்தத் தொழிற்சாலை மூடப்பட்டது. சோழவரத்துப் பந்தயங்களும் பிறகு இருங்காட்டுக்கோட்டைக்குப் போய்விட்டன. ஆனால், இந்த வட்டாரத்தில் லேத்து ஓட்டவும், வெல்டிங் வைக்கவும், கியரைப் பிரித்து மாட்டவும் தெரிந்த கைகள் குறையவில்லை. பாஹா வண்டி கட்டும் மாணவர்களுக்குப் பாதிப் பாடம் வகுப்பில். மீதிப் பாடம் பட்டறையில்.

முதலில் கூண்டு

வண்டி கட்டுவதில் முதல் வேலை என்ஜின் அல்ல. கூண்டு!

வண்டி தலைகீழாகக் குட்டிக்கரணம் போட்டாலும் உள்ளே இருப்பவர் நசுங்கக் கூடாது. அதற்காகத்தான் கூண்டு. போட்டி விதியில் இதற்குத்தான் மிகவும் கண்டிப்பு. முக்கியமான குழாய் 1 அங்குலக் கனமாவது இருக்க வேண்டும். சுவர் 3 மில்லிமீட்டர் தடிப்பு வேண்டும். எஃகில் கார்பன் 0.18 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. வேறு அளவுக் குழாய் போட்டால், அதே பலம் உண்டு என்று கணக்குக் காட்ட வேண்டும்.

கெட்டி இரும்புக் கம்பி இருக்க, உள்ளீடற்ற குழாய் எதற்கு? மூங்கிலைப் பாருங்கள். உள்ளே ஒன்றும் இல்லை. ஆனாலும் காற்றுக்கு எளிதில் ஒடிவதில்லை. வளைவதைத் தடுக்கும் வேலையை வெளிப்புறச் சுவரே செய்கிறது. நடுவில் உள்ள இரும்பு அதிகம் உதவாமல் பளுவை மட்டும் கூட்டும். அதனால்தான் குழாய்.

குழாய்களை முக்கோணமாக இணைக்கிறார்கள். நான்கு கழியைச் சதுரமாகக் கட்டி ஒரு மூலையை அழுத்தினால் சாய்ந்துவிடும். மூன்று கழியை முக்கோணமாகக் கட்டினால் சாயாது. சைக்கிள் சட்டத்திலும், ஓட்டு வீட்டுக் கூரையிலும் முக்கோணம் இருப்பது இதற்காகத்தான்.

வேலை எப்படி நடக்கிறது? முதலில் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் முழு அளவில் படம் போடுகிறார்கள். பிறகு தண்ணீர்க் குழாய்க்கு உதவும் பிளாஸ்டிக் குழாயை வெட்டி, ஒரு மாதிரிக் கூண்டு செய்கிறார்கள். அணியிலேயே உயரமான ஆளை அதற்குள் உட்கார வைக்கிறார்கள். தலைக்கவசத்துக்கும் குழாய்க்கும் நடுவே 6 அங்குல இடைவெளி வேண்டும். தோளுக்கும் இடுப்புக்கும் 3 அங்குலம் வேண்டும். தேருக்கு வெள்ளோட்டம் விடுவது போல, இது கூண்டுக்கு வெள்ளோட்டம்! தவறு இருந்தால் பிளாஸ்டிக்கோடு போகும். எஃகு மிச்சம்.

அப்புறம்தான் எஃகுக் குழாய் வெட்டப்படுகிறது. ஒரு குழாயின் முனை, மற்றொரு குழாயின் வளைவில் இடைவெளி இல்லாமல் உட்கார வேண்டும். அதற்காக முனையைப் பிறை வடிவில் அராவுகிறார்கள். அங்கே கொஞ்சம் இடைவெளி விட்டு, வெல்டிங் வைத்து அடைத்துக்கொள்ளலாம் என்று நினைப்பவன் ஏமாந்து போவான். மேலே பளபளப்பாக இருக்கும். உள்ளே பிடிப்பு இராது.

முதலில் எல்லா மூட்டுக்கும் புள்ளி புள்ளியாகப் பற்ற வைக்கிறார்கள். சதுரம் சரியா, நேராக நிற்கிறதா என்று அளந்து பார்த்துவிட்டு, பிறகு முழுவதும் ஓட்டுகிறார்கள். அப்போதும் ஒரே பக்கமாக ஓட்டுவதில்லை. இடப்பக்கம் கொஞ்சம், வலப்பக்கம் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி ஓட்டுகிறார்கள். சூடு இரும்பை இழுத்துக் கோணலாக்கிவிடும் என்பதே காரணம்.

வெல்டிங் வைத்தவரின் கையைச் சோதிக்கவும் வழி இருக்கிறது. அதே குழாயில் மாதிரித் துண்டுகளை இணைத்துப் போட்டிக்குக் கொண்டு வர வேண்டும். ஒன்றைப் பலம் கொண்ட மட்டும் இழுத்துப் பார்ப்பார்கள். மற்றொன்றைக் குறுக்கே அறுத்து, இரும்பு உள்வரை உருகிச் சேர்ந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். சேரவில்லை என்றால், வண்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் வாசலோடு சரி!

வில் வண்டியின் பாடம்

கட்டை வண்டியில் போனவர்களுக்குத் தெரியும், ஒவ்வொரு கல்லும் முதுகில் இடிக்கும் என்று. வில் வண்டியில் அந்தத் துன்பம் குறைவு. பாரத்துக்கும் அச்சுக்கும் நடுவே இருக்கும் வில், அடியை வாங்கிக்கொள்ளும்.

பந்தய வண்டியிலும் அதே தத்துவம்தான். சக்கரம் ஒவ்வொன்றும் தனித்தனியே மேலும் கீழும் அசையும்படி, குழாயால் ஆன கைகளில் மாட்டுகிறார்கள். ஸ்பிரிங் அடியைத் தாங்குகிறது. ஆனால், ஸ்பிரிங் மட்டும் இருந்தால் வண்டி பந்து போல் துள்ளிக்கொண்டே இருக்கும். துள்ளலை அடக்குவதற்கு ஷாக் அப்சார்பர். அதற்குள் இருக்கும் எண்ணெய், சின்னத் துளை வழியே மெல்லப் போவதால் அசைவு தணிகிறது.

வண்டியை உயரமாகத் தூக்கிக் கட்டினால் கல்லில் அடி தட்டாது. ஆனால், திருப்பத்தில் கவிழும். தாழ்த்திக் கட்டினால் கவிழாது. ஆனால், கல்லில் தட்டும். இரண்டுக்கும் நடுவே அளவு கண்டுபிடிப்பதில்தான் இராப்பகல் விவாதம் நடக்கிறது.

டயரில் காற்றைக் குறைப்பதும் ஒரு வித்தை. காற்று குறைந்தால் டயர் அகன்று படியும். ஒட்டகத்தின் பாதம் மணலில் அகன்று படிவது போல! புதையாது. அளவுக்கு மேல் குறைத்தாலோ, திருப்பத்தில் டயர் கழன்று வந்துவிடும்.

வேகமா, இழுவையா?

கியர் மாற்றத் தேவையில்லாத ஸ்கூட்டரை இன்று பெண்களும் முதியோரும் ஓட்டுகிறார்கள். அதற்குள் இரண்டு சக்கர உருளைகளும், அவற்றைச் சுற்றி ஒரு பெல்ட்டும் இருக்கின்றன. வேகம் கூடக் கூட உருளைகள் தாமே அகன்றும் குறுகியும் பெல்ட்டை இடம் மாற்றும். கியர் தானே மாறுகிறது. பாஹா வண்டிகள் பலவற்றிலும் இதே ஏற்பாடுதான்.

சக்தி 10 குதிரைதான். அதை வேகமாக மாற்றலாம். அல்லது இழுவையாக மாற்றலாம். இரண்டையும் ஒரே நேரத்தில் முழுவதும் பெற முடியாது. மேட்டில் சைக்கிள் மிதிக்கும்போது சின்னப் பல்லுக்கு மாற்றினால் கால் லேசாகும், வேகம் குறையும் அல்லவா? அது போலத்தான். மேடு ஏறும் போட்டியும் உண்டு. நேர் ஓட்டமும் உண்டு. இரண்டிலும் மோசமில்லாமல் ஓடும் அளவைத் தேட வேண்டும். இந்த வண்டிகள் மணிக்கு 60 கிலோமீட்டர் அளவில் ஓடினாலே பெரிது. ஆனால், கல்லும் பள்ளமுமான தரையில் அந்த வேகமே பயங்கரமாக இருக்கும்.

ஓடுவதை விட நிற்பது பெரிது

பெற்றோரின் இரண்டாவது கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது.

பந்தயத்துக்கு முன் வண்டியை நடுவர்கள் தலை முதல் கால் வரை சோதிக்கிறார்கள். ஓட்டி, திடீரென்று பிரேக் அடித்தால், நான்கு சக்கரமும் ஒரே சமயத்தில் பூட்டிக்கொள்ள வேண்டும். மூன்று பூட்டி ஒன்று உருண்டாலும் அனுமதி இல்லை. தேருக்கு முட்டுக்கட்டை போடுகிறவர் எவ்வளவு முக்கியமோ, அவ்வளவு முக்கியம் இங்கே பிரேக்.

என்ஜினை உடனே நிறுத்த இரண்டு விசைகள் வேண்டும். ஒன்று ஓட்டுகிறவரின் கைக்கு எட்ட வேண்டும். மற்றொன்று, வெளியே நிற்பவர் ஓடி வந்து அழுத்தும்படி இருக்க வேண்டும். தீயணைக்கும் கருவி வேண்டும். தோள், இடுப்பு, தொடை எல்லாவற்றையும் பிடித்துக்கொள்ளும் ஐந்து முனை வார் வேண்டும். அதுவும் மூன்று ஆண்டுக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. வண்டி உருளும்போது கை கூண்டுக்கு வெளியே போய் நசுங்காதபடி, கைக்கும் கட்டு உண்டு.

இத்தனை கட்டுகளையும் அவிழ்த்துக்கொண்டு, ஓட்டுகிறவர் 5 விநாடிக்குள் வெளியே வர வேண்டும்! வர முடியாதவருக்கு ஓட்ட அனுமதி கிடையாது.

போல்ட்டுக்கு ஒரு பொட்டு

வண்டியைக் கட்டி முடித்தவுடன் வேலை தீர்ந்துவிட்டது என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மையில் அப்போதுதான் வேலை ஆரம்பம்.

பாஹா போட்டியின் கடைசி ஓட்டம் 4 மணி நேரம். எல்லா வண்டிகளும் ஒன்றாகக் கிளம்பும். சீறிப் பாய்ந்த வண்டி அரை மணியில் ஓரமாக நிற்பதும், நிதானமாக ஓடிய வண்டி கடைசி வரை சுற்றி வருவதும் அங்கே காணும் காட்சி. நிறுத்தியது என்ன என்று பார்த்தால், பெரும்பாலும் சின்ன விஷயமாக இருக்கும். ஒரு நட்டு கழன்றிருக்கும். ஒரு பெல்ட்டில் சேறு புகுந்திருக்கும். ஒரு மூட்டில் விரிசல் விட்டிருக்கும்.

ஆகவே, தேர்ந்த அணிகள் ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் ஒரு முறைப்படி வண்டியைக் கவனிக்கின்றன.

முதலில் கழுவுகிறார்கள். சேறு இருந்தால் விரிசல் தெரியாது. ஆனால், வேகமான தண்ணீரைப் பேரிங்கின் மேல் நேராகப் பீய்ச்சுவதில்லை. பீய்ச்சினால் கிரீஸ் கரைந்து, தண்ணீர் உள்ளே தங்கித் துருப்பிடிக்கும். கடல் காற்று அடிக்கும் சென்னையில் துரு சீக்கிரம் வரும். கழுவிய பின் துடைத்து, காய வைத்து, எண்ணெய் தொட்டு வைக்கிறார்கள்.

அடுத்தது மூட்டுகள். வெல்டிங் இணைப்புகளின் மேல் வெளிறிய நிறச் சாயம் பூசுவது நல்லது. விரிசல் விட்டால் தலைமயிர் போலக் கறுப்புக் கோடு தெரியும். கறுப்புச் சாயத்தில் அது மறைந்துவிடும்.

மூன்றாவது, நட்டும் போல்ட்டும். இங்கே ஓர் அழகான தந்திரம் உண்டு. நட்டை உரிய அளவுக்கு முறுக்கிய பிறகு, நட்டையும் போல்ட்டையும் சேர்த்து ஒரு கோடு, சாயத்தால் இழுத்துவிடுகிறார்கள். நெற்றிப் பொட்டு மாதிரி! ஓட்டம் முடிந்து பார்க்கும்போது கோடு நேராக இருந்தால், நட்டு அசையவில்லை. கோடு முறிந்து விலகியிருந்தால், நட்டு கழன்று வருகிறது என்று அர்த்தம். ஸ்பானர் எடுக்காமலே, கண்ணால் பார்த்து இருபது போல்ட்டைச் சோதித்துவிடலாம்.

நான்காவது, காற்று வடிகட்டி. என்ஜினுக்கு அதுதான் மூக்கு. புழுதி உள்ளே போனால், உப்புக் காகிதம் தேய்ப்பது போல சிலிண்டரைத் தேய்த்துவிடும். புழுதியில் ஓடிய ஒவ்வொரு நாளும் வடிகட்டியைச் சுத்தம் செய்ய வேண்டும். அல்லது மாற்ற வேண்டும்.

ஐந்தாவது, எண்ணெய். சிறிய என்ஜினில் எண்ணெய் குறைவு. அது சீக்கிரம் சூடேறிக் கெடும். அளவுக் குச்சியைப் பார்க்காமல் என்ஜினைக் கிளப்பக் கூடாது.

கடைசியாக, நோட்டுப் புத்தகம். வீட்டில் பால் கணக்கு எழுதுவது போல, என்றைக்கு எண்ணெய் மாற்றியது, எந்தப் போல்ட்டு இரண்டு தடவை கழன்றது, எந்த மூட்டில் மறு வெல்டிங் வைத்தது என்று தேதி போட்டு எழுதுகிறார்கள். ஒரே போல்ட்டு திரும்பத் திரும்பக் கழன்றால், குற்றம் போல்ட்டில் இல்லை. வேறு எதுவோ வளைந்திருக்கிறது. எழுதி வைத்தவனுக்குத்தான் அது தெரியும்.

வீட்டில் கட்டுவோர் கவனத்துக்கு

கல்லூரிப் பட்டறை இல்லாமல், வீட்டு வாசலிலும் கொட்டகையிலும் இத்தகைய வண்டியைக் கட்டும் ஆர்வலர்களும் உண்டு. பழைய மாருதி 800 காரையோ, மோட்டார் சைக்கிளையோ பிரித்து என்ஜினை எடுத்துக்கொள்கிறார்கள். பழைய சாமான் வேண்டுமென்றால் சென்னையில் எல்லோரும் போகிற இடம் புதுப்பேட்டைதான். ஆசனம், விளக்கு, மூடி போன்றவற்றைப் பழையதாக வாங்கலாம். ஆனால் பிரேக் குழாய், ஸ்டீரிங் மூட்டு, இருக்கை வார் ஆகிய மூன்றையும் புதிதாகத்தான் வாங்க வேண்டும். இவற்றில் மிச்சம் பிடிக்கும் பணம் ஆஸ்பத்திரியில் பத்து மடங்காகப் போகும்.

வீட்டில் உள்ளவர்களும் சிலவற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

வெல்டிங் வெளிச்சத்தைக் குழந்தைகள் வேடிக்கை பார்க்கக் கூடாது. பார்க்கும்போது ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்து, இரவில் கண்ணில் மணல் கொட்டியது போல உறுத்தும், தண்ணீர் வடியும். கறுப்புக் கண்ணாடி முகமூடி இல்லாமல் அந்தப் பக்கம் யாரும் திரும்பக் கூடாது. சுற்றிலும் திரை கட்டுவது நல்லது.

தண்ணீருக்கு உதவும் நாகம் பூசிய இரும்புக் குழாயை வெல்டிங் செய்யக் கூடாது. அது கூண்டுக்கு ஏற்ற எஃகும் அல்ல. சூட்டில் நாகம் புகையாகும். அதைச் சுவாசித்தால் குளிரும் காய்ச்சலும் வரும்.

பெட்ரோலை வீட்டுக்குள் சேர்த்து வைக்கக் கூடாது. வெல்டிங் வேலை நடக்கும்போது பெட்ரோல் தொட்டி அந்த இடத்திலேயே இருக்கக் கூடாது. வண்டிக்குக் கீழே படுத்து வேலை செய்கிறவர், ஜாக்கியை மட்டும் நம்பக் கூடாது. கனமான தாங்கிகளைக் கீழே கொடுத்த பிறகே உள்ளே போக வேண்டும். தனியே இருந்து வேலை செய்யவும் கூடாது.

ரோட்டுக்கு வரக் கூடாது

வண்டி தயார். வாலிபனுக்குக் கை துறுதுறுக்கும். "தெருக் கோடி வரை ஒரு ரவுண்டு" என்று ஆசை வரும். அங்கேதான் அபாயம்.

இந்த வண்டிக்கு நம்பர் கிடையாது, இன்ஷூரன்ஸ் கிடையாது. பொது ரோட்டில் ஓட்டச் சட்டம் இடம் தரவில்லை. பதிவான காரையோ ஜீப்பையோ கூட, அதன் அமைப்பை இஷ்டம் போல் மாற்றக் கூடாது என்கிறது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. பந்தய வண்டியை லாரியில் ஏற்றித்தான் களத்துக்குக் கொண்டுபோக வேண்டும்.

பொது ரோட்டில் பந்தயம் விடுவது 189ஆம் பிரிவின்படி குற்றம். முதல் தடவையே 3 மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். 18 வயது நிரம்பாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் புரிந்தால், 2019இல் சேர்த்த 199ஏ பிரிவின்படி பெற்றோருக்கோ வண்டியின் சொந்தக்காரருக்கோ 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு.

சோதனை ஓட்டத்துக்கும் இடம் பார்த்துப் போக வேண்டும். பல்லாவரம், திரிசூலம் பக்கத்துப் பழைய கல்குவாரிகள் கரட்டு வண்டிக்கு ஏற்ற இடம் போலத் தோன்றும். ஆனால், அங்குள்ள குட்டைகள் ஆழமானவை, விளிம்பு செங்குத்தானது. அந்தப் பக்கம் போகவே கூடாது. ஏரிக்குள் இறங்குவதும் கூடாது. கல்லூரி மைதானம், அல்லது அனுமதி பெற்ற தனியார் நிலம்தான் தக்க இடம்.

எதற்காக இவ்வளவு பாடு?

பத்துக் குதிரைச் சக்திக்கு இத்தனை ராத்திரித் தூக்கம் கெட வேண்டுமா என்று கேட்கலாம்.

பலன் உண்டு. புத்தகத்தில் படித்த கணக்கு, கையில் இரும்பாக வந்து நிற்கிறது. எஃகு எப்படி வளையும், எப்படி முறியும் என்று பார்த்துத் தெரிந்துகொண்ட பிள்ளை, மோட்டார்த் தொழிற்சாலை வாசலில் வேலைக்கு நிற்கும்போது பேசத் தயங்குவதில்லை. இருபது பேர் சேர்ந்து ஒரு வேலையை முடிப்பது எப்படி என்பதும் அங்கேதான் தெரிகிறது.

கரட்டுப் பந்தயத்தில் இந்தியர்கள் உலக அரங்கிலும் பெயர் வாங்கிவிட்டார்கள். 1978இல் பாரிஸிலிருந்து ஆப்பிரிக்காவின் டக்கர் நகருக்குத் தொடங்கிய பந்தயம், உலகிலேயே கடினமான பந்தயங்களில் ஒன்று. இப்போது அது சவுதி அரேபியாவின் பாலைவனத்தில் நடக்கிறது. 2024இல் அதன் மோட்டார் சைக்கிள் போட்டியில், இரண்டாம் பிரிவில் முதலிடம் பெற்றவர் கேரளத்தைச் சேர்ந்த ஹரித் நோவா. ஓசூர் டி.வி.எஸ். கம்பெனியின் அணிக்காக அவர் ஓட்டினார்.

எல்லோரும் டக்கருக்குப் போகப் போவதில்லை. ஆனால், இன்னொரு பலன் எல்லோருக்கும் கிடைக்கிறது.

ஜி.எஸ்.டி. ரோட்டில் நள்ளிரவில் மோட்டார் சைக்கிளை முறுக்கும் வாலிபனுக்குத் தன் கீழே இருக்கும் இயந்திரத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. கூண்டும் இல்லை, வாரும் இல்லை. ஆனால், தன் கையால் வண்டி கட்டியவனுக்குத் தெரியும், ஒரு போல்ட்டு கழன்றால் என்ன ஆகும் என்று. ஒரு மூட்டு விட்டால் எது எங்கே போய் விழும் என்று. பிரேக் பிடிக்க எத்தனை அடி தூரம் வேண்டும் என்று அவன் அளந்து பார்த்திருக்கிறான்.

வேகத்தை விலைக்கு வாங்கியவனுக்குப் பயம் தெரியாது. வேகத்தைத் தன் கையால் கட்டியவனுக்கோ, அதன் விலை தெரியும். அவனை நம்பி வீட்டார் நிம்மதியாகத் தூங்கலாம்.